ஏறறதுக்கு முன்னாடி ஒன்றரை மணி நேரம்

மெரினாவுலயும் கொடைக்கானல் ஏரி ஓரத்துலயும் குதிரை மேல உக்காந்திருக்கேன், ஆனா அதை ரைடிங்னு சொன்னா குதிரையே சிரிக்கும், ஒருத்தர் கயித்தைப் புடிச்சுட்டு நடப்பாரு நாம மேல உக்காந்து போட்டோவுக்கு மூஞ்சிய காட்டுவோம், அவ்ளோதான். கிணத்துக்கடவு பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குள்ள குதிரை வளர்த்து ஓட்டவும் கத்துக்குடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டு போன ஞாயித்துக்கிழமை அக்கா பொண்ணையும் கூட்டிட்டு போனேன். மூணு மணிக்கு வரச் சொன்னாங்க, போனா "வெயில் தாழட்டும், நாலரைக்கு மேலதான் குதிரைய வெளிய எடுப்போம், அதுவரைக்கும் லாயத்துல வேலை இருக்கு"ன்னு ஒரு பிரஷ்ஷைக் கையில குடுத்துட்டாங்க.

லாயத்தைப் பாத்துக்கற அண்ணனுக்கு அறுவதுக்கு மேல இருக்கும், சொந்த ஊரு அந்தியூர் பக்கம். ஆடி மாசம் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தையிலயே வளர்ந்தவருன்னு பேச்சுலயே தெரியுது. நான் நேரா குதிரை மூஞ்சிக்கு முன்னாடி போய் நின்னதும் "தம்பி, அங்க நின்னா அதுக்கு நீங்க தெரியமாட்டீங்க, தோள்பட்டைப் பக்கமா வாங்க, வரும்போதே பேச்சுக் குடுத்துட்டு வாங்க"ன்னாரு. கண்ணு ரெண்டும் பக்கவாட்டுல இருக்கறதால சுத்தி கிட்டத்தட்ட முழுசும் பாக்குமாம், ஆனா மூக்குக்கு நேர் முன்னாடி கொஞ்சம், வாலுக்குப் பின்னாடி கொஞ்சம் மட்டும் தெரியாது. பின்னாடி போய் சத்தமில்லாம நின்னா உதை விழறது இதனாலதான், குணம் கெட்ட குதிரைன்னு அதுமேல பழி போடறதுல அர்த்தமே இல்ல. கேரட் குடுக்கறப்பவும் உள்ளங்கைய நல்லா விரிச்சு வச்சுக்கணும், வாய்க்குக் கிட்ட இருக்கறதை அது பாத்து எடுக்கறதில்ல, உதட்டால தடவித்தான் எடுக்குது.

எனக்குக் குடுத்தது ஒரு செவலை மார்வாரி, ராஜஸ்தான் பக்கத்து ஜாதிக் குதிரை. காது நுனி ரெண்டும் உள்பக்கமா வளைஞ்சு ஒண்ணையொண்ணு தொட்டுக்கற மாதிரி இருந்தா மார்வாரின்னு கண்ணை மூடிட்டு சொல்லிடலாம். பக்கத்துக் கொட்டில்ல உயரமா ஒண்ணு நின்னுது, அது கிண்டியில ரேஸ் ஓடினதாம். பந்தயக் குதிரைய ரெண்டு வயசுலயே ஓட விட்டுடறாங்க, பெரும்பாலும் ஆறேழு வயசுக்குள்ள அதோட பந்தய வாழ்க்கை முடிஞ்சுடும், ஆனா ஆயுசு 25 வருஷத்துக்கும் மேல. மீதி காலத்துக்கு யாரு சோறு போடறதுன்னு பந்தயம் கட்டறவங்க யாராவது யோசிப்பாங்களா தெரியல. இந்த மாதிரி பண்ணைக்கு வந்து சேர்றதெல்லாம் அதுல குடுத்துவச்சதுங்க.

தேய்ச்சு விடறப்பதான் ஒண்ணு பாத்தேன். வயித்துமேல ஒரு ஈ வந்து உக்காந்துது, உக்காந்த அந்த எடம் மட்டும் தோல் படபடன்னு துடிச்சு ஈய விரட்டிடுச்சு, மத்த உடம்பு அப்படியே நிக்குது. அண்ணன் அதையே காட்டி "ஒரு ஈ உக்காந்தாலே தெரியுதுங்களே, நீங்க உக்காந்தா தெரியாதுங்களா? நீங்க பயந்தாலும் தெரியும், கோவிச்சுக்கிட்டாலும் தெரியும்"னு சொன்னாரு. அப்போ அதை சும்மா கேட்டுக்கிட்டேன்.

அப்பறம் குளம்பு. கால் ஒவ்வொண்ணா தூக்கி கொக்கி மாதிரி ஒண்ணை வச்சு உள்ள அடைஞ்சிருக்கற மண்ணு, கல்லு, சாணி எல்லாம் சுரண்டி எடுக்கணும், நடுவுல முக்கோணமா மெத்துன்னு இருக்கற பாகத்துல மட்டும் கொக்கி படக்கூடாது. காலைத் தூக்கறதுக்கு நான் படாத பாடு பட்டுட்டு இருக்கேன், 11 வயசுப் பொண்ணு போய் காலைத் தடவிக்கிட்டே கீழ இறக்கிட்டு வந்து லேசா அழுத்துச்சு, அது தானா காலைத் தூக்கிக் குடுக்குது! எனக்கு அவமானமா போச்சு, சரி அதை விடுங்க.

தீனி பத்தி கேட்டா அண்ணன் நிறுத்தவே மாட்டேங்கறாரு. ஊறவச்ச கொள்ளு, தவிடு, காஞ்ச புல்லு, எதுவானாலும் கொஞ்சங் கொஞ்சமா பலதடவை குடுக்கணும். குதிரையால வாந்தி எடுக்க முடியாது, வேண்டாதது உள்ள போயிட்டா வெளிய தள்ள வழியில்ல, வயித்துவலி வந்தாலே உயிருக்கு ஆபத்து. 13ஆம் நூற்றாண்டுக் கடைசியில பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கப்பல்ல வருஷா வருஷம் ஆயிரக்கணக்குல குதிரை வந்து இறங்குது, இங்க சோத்தையும் கறியையும் வேகவச்சுப் போட்டு சாகடிக்கறாங்கன்னு எழுதி வச்சிருக்காரு. அதைச் சொன்னேன், அண்ணன் நெஜமாவே கோவப்பட்டு "எவன் அவன், குதிரைக்குக் கறி போட்டவன்?"னு என்னையே பாக்கறாரு. பாண்டியனுங்க குதிரைக்குக் கொட்டின காசு கொஞ்சநஞ்சமில்ல, மாணிக்கவாசகர் கதையிலயும் கோயிலுக்குப் போனது குதிரை வாங்கக் குடுத்த பணந்தானே.

நாலரைக்கு சேணம் கட்டினாங்க. ஏறறது எப்பவும் இடதுபக்கம், அந்தக் காலத்துல இடுப்புல வாள் அந்தப்பக்கம் தொங்குமாம், இப்ப நம்ம இடுப்புல தொங்கறது தொப்பைதான். பொதுவா குதிரை எடையில அஞ்சுல ஒரு பங்குக்கு மேல சுமக்க விடக்கூடாதுங்கறாங்க, அதுவும் சேணத்தையும் சேத்து, அதனால முதல்ல என்னைத்தான் மெஷின்ல ஏத்தி நிறுத்தினாங்க. தப்பிச்சேன்.

மாஸ்டரம்மா சின்ன வயசுதான், ஆனா குரல் கணீர்னு இருக்கு. அங்கவடியில, அதான் சேணத்துல தொங்கற கால் வைக்கற வளையத்துல, பாதத்தோட முன்பாகம் மட்டும் இருக்கணும், குதிகால் கீழ, முதுகு நேரா, "சார் குதிரைய பாக்காதீங்க, போகவேண்டிய எடத்தைப் பாருங்க"ன்னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவை சத்தம். நடக்கறவரைக்கும் சொகமா இருந்துச்சு. டிராட், அதாவது நடைக்கு அடுத்த வேகத்துல துள்ளி ஓடறது, ஆரம்பிச்சதும் குறுக்குக் குறுக்கா ரெண்டு ரெண்டு காலா வைக்கும், ஒவ்வொரு எட்டுக்கும் மேல தூக்கி அடிக்குது, அந்தத் தாளத்துக்கு எந்திரிச்சு உக்காரணும், நான் எந்திரிக்கறப்ப அது இறங்குது நான் உக்கார்றப்ப அது ஏறுது, பயத்துல தொடையால இறுக்கிப் புடிச்சுட்டேன், இறுக்குனா வேகமா போகச்சொல்றேன்னு அது புரிஞ்சுக்கிட்டு இன்னும் வேகமெடுக்குது. மாஸ்டரம்மா "மூச்சு விடுங்க சார்!"னு கத்தினப்பதான் மூச்சைப் புடிச்சுட்டு இருந்ததே தெரிஞ்சுது. ஒரு பெருமூச்சு விட்டு தோளைத் தளர்த்தினேன், கடிவாளத்தை இழுக்கவே இல்ல, செவலை வேகத்தைக் குறைச்சுட்டு நடக்க ஆரம்பிச்சுடுச்சு. ஈ உக்காந்த கதை அங்கதான் மண்டையில ஏறுச்சு. அப்பறம் வலதுபக்கம் திரும்பணும்னா வேலிக் கம்பத்தை உத்துப் பாத்தாலே பாதி திரும்புது, நாம தலைய திருப்பறப்ப இடுப்பும் கூடவே லேசா திரும்புது இல்ல, அது அதுக்குப் போதும்.

அக்கா பொண்ணு மட்டக்குதிரையில ஏறுச்சு, ரெண்டாவது ரவுண்டுலயே டிராட்டுக்கு சரியா எந்திரிச்சு உக்காருது. குழந்தைங்களுக்கு விழறதைப் பத்திக் கவலை இல்ல, அதான் விஷயம்.

இறங்கினதும் உடனே கிளம்பிட முடியாது, குதிரைய கொஞ்சநேரம் நடத்தி மூச்சு ஆறவிட்டு, வேர்வைய துடைச்சு, குளம்பை திரும்பவும் பாக்கணும். இந்த தடவை ரெண்டு காலு எனக்கும் தூக்கிக் குடுத்துச்சு. போறவங்களுக்கு ஒண்ணு, ஷார்ட்ஸ் போட்டுட்டுப் போகாதீங்க, சேணத்தோட வார் தொடையில உரசி தோல் வழண்டுடும், ஷூவுக்கு லேசா ஹீல் இருந்தா அங்கவடியில கால் உள்ள வழுக்காது. ஆடியில அந்தியூர் போலாம்னு அண்ணன் கூப்பிட்டிருக்காரு, குதிரை உடம்புல இருக்கற மயிர்ச்சுழி பாத்து ராசியானதா வாங்கறது எப்படின்னு சொல்லித்தர்றாராம். எனக்கு சுழியில எல்லாம் நம்பிக்கை இல்ல, ஆனா அவரு பேரம் பேசறதைப் பாக்கறதுக்காகவே போகணும்.