ரசமட்டமும் பன்னிரண்டு படங்களும்

பழைய கட்டடங்களைப் படமெடுக்கக் கிளம்பும்போது நான் முதலில் பைக்குள் வைப்பது, கொத்தனார்கள் பயன்படுத்துவதைப் போன்ற ஒரு சிறிய ரசமட்டத்தைத்தான். தூக்குக்குண்டு பிடித்து நிமிர்த்திய சுவரை, கேமராவைச் சற்றே அண்ணாந்து பிடித்த மாத்திரத்தில் நாம் சாய்த்துவிடுகிறோம். ஃபிலிம் சுவருக்கு இணையாக நிற்காவிட்டால், தூண்கள் மேலே போகப்போக ஒன்றையொன்று நோக்கிச் சரிந்து, கட்டடமே மல்லாந்து விழப்போவதைப் போலத் தெரியும்.

பெரிய வடிவக் கேமரா வைத்திருப்பவர்கள் லென்ஸை மட்டும் மேலே உயர்த்தி இதைச் சமாளிப்பார்கள். சதுர நெகட்டிவ் தரும் என்னுடைய 6×6 மீடியம் ஃபார்மேட் கேமராவில் அந்த வசதி இல்லை. ஆகவே கேமராவை மட்டமாக நிறுத்தி, 50 மி.மீ. அகலக்கோண லென்ஸால் எடுத்து, கீழே வந்து விழும் வெறுந்தரையைப் பிறகு வெட்டிவிடுகிறேன். இந்த நெகட்டிவின் ஒரு பக்கம் ஏறத்தாழ 56 மி.மீ.; பரப்பில் 35 மி.மீ. ஃபிலிமைவிட மூன்றரை மடங்குக்கும் அதிகம். மூன்றில் ஒரு பங்கை வெட்டி எறிந்தாலும் இரு மடங்குக்கு மேல் மிஞ்சுகிறது என்பதால் மனம் பதறுவதில்லை.

இந்தக் கேமராவின் மேற்புறம் குனிந்து பார்க்கும் கண்ணாடியில் பிம்பம் இடவலம் மாறித் தெரியும். வளைவின் இடப்பக்கம் வெட்டுப்படுகிறதே என்று கேமராவைத் திருப்பினால் பிம்பம் எதிர்ப்பக்கம் ஓடும். இத்தனை ஆண்டுகள் ஆகியும் என் கை முதலில் தவறான பக்கமே போகிறது.

உள்ளே இருட்டான மண்டபங்களில்தான் உண்மையான வேலை. லென்ஸின் துளையை எஃப்/16 என்ற சிறிய அளவில் வைத்தால் 20 விநாடி என்று லைட் மீட்டர் சொன்னால், இல்ஃபோர்டு எஃப்பி4 பிளஸ் ஃபிலிமுக்கு அது போதாது. மங்கிய ஒளியில் நேரம் நீளநீள ஃபிலிமின் உணர்திறன் குறைந்துகொண்டே போவதால், அந்நிறுவனத்தின் கணக்குப்படி ஏறக்குறைய 44 விநாடி திறந்துவைக்க வேண்டும். அந்த நேரத்தில் குறுக்கே நடந்துபோகிறவர்கள் பெரும்பாலும் படத்தில் பதிவதே இல்லை; உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும் பதிந்துவிடுவார்கள். ஒருமுறை தூணோரம் நாற்காலியில் இருந்த காவலரின் முழங்கால்கள் துல்லியமாகவும், இருபுறமும் திரும்பிக்கொண்டிருந்த தலை புகையாகவும் விழுந்தன. அந்தப் படத்தை நான் வெட்டவில்லை.

இந்தக் கேமராவில் போடும் 120 வகை ஃபிலிம் ரோலில் கிடைப்பது பன்னிரண்டு படங்கள். முடிந்ததும் காகிதப் பட்டையை நாவால் நனைத்து இறுக்கமாக ஒட்ட வேண்டும். ஒரு நண்பகலில், முற்றத்து வெயிலில் நின்றபடியே அவசரத்தில் தளர்வாகச் சுற்றியதால், ஓரத்தில் ஒளி கசிந்து இரண்டு படங்கள் பாழாயின. தவறு முழுக்க என்னுடையதே.

கடைசிப் படத்தை மாலைக்கென்று ஒதுக்கிவைப்பது என் வழக்கம். சுவரை உரசியபடி பக்கவாட்டில் வெயில் விழும் அந்தச் சில நிமிடங்களில், நண்பகலில் வழவழப்பாகத் தெரிந்த அதே கல்லில் உளி இறங்கிய ஒவ்வொரு தடமும் நிழலோடு எழுந்து நிற்கும்.