சித்தி கொடுத்த ஆர்க்கிட் பட்டியல்

2022 ஜூனில் சித்தி பிரான்சிலிருந்து லீவுக்கு வந்திருந்தார். அவர் இருப்பது நீஸ் நகரத்தில், மத்தியதரைக் கடலோரம். அவர் வீட்டு பால்கனியில் ஆர்க்கிட் தொட்டிகள் வருஷம் முழுக்க வெளியிலேயே கிடக்கின்றன. போனில் படம் காட்டினார். ஒரே தொட்டியில் ஏழு பூந்தண்டு. எப்படிப் பராமரிக்கிறீர்கள் என்று கேட்டேன். "ஒன்னும் பண்றதில்ல கண்ணு. வெயில் காலத்துல தண்ணி ஊத்துவேன். குளிர் காலத்துல மழை படாம சுவரோரம் தள்ளி வைப்பேன். அவ்ளோதான்" என்றார்.

கிளம்பும் முன் ஒரு துண்டுச்சீட்டில் ஐந்து பெயர் எழுதிக் கொடுத்தார். சிம்பிடியம், டெண்ட்ரோபியம் கிங்கியானம், லேலியா ஆன்செப்ஸ், பிளெட்டில்லா, எபிடெண்ட்ரம். அங்கேயும் கடல், உப்புக்காற்று, நல்ல வெயில். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியிலும் அதேதான். அவருக்கு வந்தால் எனக்கும் வரும் என்று நம்பி இறங்கினேன். மூன்றரை வருஷம் ஆகிவிட்டது. அந்த ஐந்தில் ஒன்று மட்டும்தான் இன்றைக்கு என் மாடியில் இருக்கிறது.

முதலில் வாங்கியது சிம்பிடியம். மலைப்பக்கத்து நர்சரி ஒன்றிலிருந்து பூவோடு வந்தது. அந்தப் பூ இரண்டு மாதம் நின்றது. அதற்குப் பிறகு இலை, இலை, இலை மட்டும்தான். உரம் கொடுத்தேன், இடம் மாற்றினேன், நிழல் வலையை எடுத்துப் பார்த்தேன். இரண்டு வருஷத்தில் ஒரு தண்டுகூட வரவில்லை. சித்தியிடம் கேட்டதும் பட்டென்று சொன்னார். "எங்க ஊர்ல ஐப்பசி கார்த்திகையில ராத்திரி பத்து, பன்னெண்டு டிகிரிக்கு இறங்கும். அந்தக் குளிர் பட்டாதான் அது தண்டு விடும். உங்க ஊர்ல ராத்திரி எவ்ளோ?"

எங்கள் ஊரில் மார்கழியிலும் அதிகாலை 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். பூக்கிற சிம்பிடியம் கலப்பினங்கள் பெரும்பாலும் இமயமலை, தென்கிழக்கு ஆசிய மலைகளின் குளிர்ந்த உயரங்களில் வளரும் இனங்களின் வம்சம். பகல் வெப்பத்தை ஓரளவு தாங்கும், இரவு குளிர வேண்டும். புதுச்சேரியில் அந்த இரவு கிடையாது. கிங்கியானமும் லேலியா ஆன்செப்ஸும் அதே ரகம் என்று அப்போதுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். முன்னது கிழக்கு ஆஸ்திரேலியப் பாறைகளில் வளர்வது, பின்னது மெக்சிகோவின் மேட்டு நிலங்களில். இரண்டையும் தேடுவதை விட்டேன். பிளெட்டில்லா குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்குகிற மண் செடி. அதற்கும் இங்கே வேலையில்லை.

வெப்பத்தைவிட எனக்குப் புரியத் தாமதமானது மழையின் கணக்கு. மத்தியதரைக் கடலோரத்தில் கோடையில் மழை ஏறக்குறைய கிடையாது. இலையுதிர் காலமும் குளிர்காலமும்தான் மழை. அங்கே ஆர்க்கிட் சாவது குளிர்ந்த வேர் நனைந்தபடியே இருப்பதால். அதனால்தான் சித்தி தொட்டியைச் சுவரோரம் தள்ளுகிறார். நமக்கும் மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான், ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அந்த மூன்று மாதத்தில் கொட்டிவிடும். ஆனால் நம்முடையது வெதுவெதுப்பான மழை. பூஞ்சைக்கு அதைவிடத் தோதான காலம் இல்லை. ஒரு வாரம் வெயில் வராவிட்டால் தொட்டிக்குள் இருக்கிற தேங்காய் மட்டை கூழாகிவிடும். அப்புறம் பங்குனி முதல் ஆனி வரை நேரெதிர். 38 டிகிரி, காலையில் ஊற்றிய தண்ணீர் பத்து மணிக்குக் காய்ந்துபோகும்.

ஆகவே இங்கே 'கவனிப்பு வேண்டாத' ஆர்க்கிட் என்றால் மூன்றும் இருக்க வேண்டும்: இரவுக் குளிர் இல்லாமல் பூக்க வேண்டும், அடைமழையில் நனைந்து உடனே காய வேண்டும், கோடையில் இரண்டு நாள் தண்ணீர் இல்லாவிட்டாலும் பொறுக்க வேண்டும். இந்த மூன்று கேள்வியையும் கேட்காமல் பூவைப் பார்த்து மயங்கி ஃபெலனாப்சிஸும் வாங்கினேன். அதன் இலைகள் நடுவில் குழிந்து கிண்ணம் மாதிரி இருக்கும். இரண்டாவது ஐப்பசி மழையில் அந்தக் கிண்ணத்தில் தண்ணீர் நின்று குருத்து அழுகிவிட்டது. பலகையில் பக்கவாட்டில் சாய்த்துக் கட்டியிருந்தால் தண்ணீர் வடிந்திருக்கும். வராந்தாவுக்குள் வைக்கிறவர்களுக்கு அது நல்ல செடி. மழையில் விடுகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

டெண்ட்ரோபியம் சோனியா வந்த பிறகுதான் தெம்பு வந்தது. கல்யாண மேடைகளில் ஊதாவும் வெள்ளையுமாகக் குத்தி வைப்பார்களே, அதுதான். வெப்பத்தில் பிறந்த இனங்களின் கலப்பு, இரவுக் குளிரைக் கேட்பதில்லை. வில்லியனூரில் மண்பாண்டம் செய்கிற ஒருவரிடம் பக்கவாட்டிலும் அடியிலும் ஓட்டை போட்ட தொட்டி ஆறு செய்து வாங்கினேன். அதில் அடுப்புக்கரியும் உடைத்த ஓடும் மட்டும், மண் கிடையாது, தேங்காய் மட்டையும் கிடையாது. முதல் வருஷம் ஒரு தவறு செய்தேன். இலை உதிர்ந்து சுருங்கின பழைய தண்டுகளைக் காய்ந்தது என்று நினைத்து அடியோடு வெட்டினேன். அந்தத் தண்டுதான் செடியின் சேமிப்பு. இலை போன பிறகும் அதன் நுனியில் பூக்கும், கணுவில் குட்டி விடும். இப்போது பழுப்பாகி உள்ளே பொக்காகும் வரை கை வைப்பதில்லை.

தண்ணீர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், நம் கரையோரத்தில் இதுதான் பெரிய பிரச்சினை. எங்கள் போர் தண்ணீர் கரிக்கும். அதையே ஊற்றிவந்ததில் கரித்துண்டுகள் மேல் வெள்ளையாக உப்பு பூத்தது, வேர்நுனிகள் கருகின. இப்போது மாடி மழைநீரை இரண்டு டிரம்மில் பிடித்து வைக்கிறேன். அது தீர்ந்து போர் தண்ணீருக்கு வந்தால், வாரம் ஒருமுறை எங்கிருந்தாவது இரண்டு வாளி நல்ல தண்ணீர் கொண்டுவந்து தொட்டி வழியாக ஓடவிடுவேன். உரம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது), லிட்டருக்கு ஒரு கிராம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை. அடைமழைக் காலத்தில் நிறுத்திவிடுவேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கரை கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மாடி வடிகாலில் இலை அடைத்துக்கொண்டு, தொட்டிகள் பாதி உயரத்துக்குத் தண்ணீரில் நின்றன. மிச்சமிருந்த சிம்பிடியத்தின் கிழங்குகள் நாலாம் நாள் தொட்டதும் கையோடு வந்தன, கறுப்பாக, புளித்த வாடையோடு. கம்பியில் தொங்கிய சோனியா ஒன்றுக்கும் ஒரு சேதமும் இல்லை.

அந்த வாரமே பண்ருட்டிக்குப் போனேன். பெரியப்பா வீட்டுக் கொல்லையில் பழைய மாமரத்தின் ஒரு கிளை முறிந்து கிடந்தது. அந்தக் கிளையில் ஒட்டியிருந்ததைக் காட்டி, "இந்தப் புல்லுருவிதான் மரத்தைத் தின்னுடுச்சு, அடுப்புல போடுறா" என்றார். நான் குனிந்து பார்த்தேன். வார் மாதிரி இரு வரிசையாக மடிந்த இலைகள், பென்சில் தடிமனில் சாம்பல் நிற வேர்கள். வாண்டா டெசலாட்டா என்கிற ஆர்க்கிட். அது புல்லுருவி இல்லை. மரத்தின் சாற்றை ஒரு சொட்டு எடுக்காது, உட்காரும் இடம் மட்டும்தான் அதற்கு மரம். நம் சோழமண்டலக் கரையின் சொந்தச் செடி. வில்லியம் ராக்ஸ்பர்க் 1795லேயே இந்தக் கரைத் தாவரங்களோடு சேர்த்து இதை விவரித்திருக்கிறார். இத்தனை நாள் கண்ணெதிரே மாமரத்தில் இருந்ததை விட்டுவிட்டு நீஸ் பட்டியலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பெரியப்பாவிடம் விஷயத்தைச் சொன்னதும் அவரே அரிவாளால் கிளையைத் துண்டு போட்டு, வேர் பெயராமல் பட்டையோடு எடுத்துக் கொடுத்தார். (காட்டிலிருந்தும் கோவில் தோப்புகளிலிருந்தும் இதைப் பிய்த்து வரவே கூடாது. விழுந்த கிளையில் கிடைத்தால் மட்டும் காப்பாற்றுங்கள்.)

வீட்டு வேப்பமரத்தில் காலை வெயில் படும் பக்கம் பழைய பனியன் துணியைக் கீறி நாடாவாக்கிக் கட்டினேன். சொரசொரப்பான பட்டை என்பதால் வேம்பு. கொய்யாவில் கட்டக்கூடாது, அது வருஷா வருஷம் பட்டையை உரித்துப் போட்டுவிடும், செடியும் கூடவே விழும். முதல் இரண்டு மாதம் எந்த மாற்றமும் இல்லை. மாசியில் ஒரு காலை பார்த்தால் பழைய வேரின் நுனியில் அரை விரற்கடை பச்சை. தண்ணீர் தெளித்தேன். வேரின் மேலிருக்கிற வெள்ளைப் பஞ்சுத் தோல் சில நொடியில் தண்ணீரை உறிஞ்சி, உள்ளிருக்கும் பச்சை வெளியே தெரிந்தது. நடுநடுவே வெள்ளைப் பொட்டுகள் மட்டும் நனையாமல் நின்றன. ஒரு மணி நேரத்தில் மறுபடி சாம்பல் நிறம். நான் கேட்ட மூன்று கேள்வியில் இரண்டாவதற்கு அந்த வேரே பதில் சொல்லிவிட்டது.

2025 வைகாசியில் ஒரு தண்டு, ஏழு பூ. மஞ்சள் கலந்த பச்சை இதழில் பழுப்புக் கோடுகள் வலை பின்னினாற்போல் ஓடும். உதடு நீலமும் ஊதாவும். காலை எட்டு மணிக்கு மரத்தடியில் நின்றாலே வாசனை வருகிறது. இந்தக் கோடை முழுக்க நான் அதற்குச் செய்தது, மழை இல்லாத நாளில் சாயங்காலம் ஒருமுறை ஹோஸால் நனைத்தது மட்டும். மழைக்காலத்தில் நத்தை வந்து வேர்நுனியைக் கடிக்கிறது. ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு பொறுக்கிப் போடுவேன்.

சித்தியின் சீட்டில் மிஞ்சிய அந்த ஒன்று எபிடெண்ட்ரம். நாணல் மாதிரித் தண்டு, உச்சியில் ஆரஞ்சு நிறக் கொத்து. நல்ல வெயில் வேண்டும், மாடிக் கைப்பிடிச் சுவரோரம் ஜல்லித் தொட்டியில் நிற்கிறது. கணுவில் குட்டி விட்டால் கிள்ளி நட்டால் போதும், நாலு பேருக்குக் கொடுத்துவிட்டேன். நீஸிலும் இங்கேயும் ஒருசேரத் தாங்குகிற செடி என்று எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

வாண்டாவின் ஏழு பூவில் ஒன்று காய் பிடித்திருக்கிறது. விரல் நீளம், வரம்பு வரம்பாக, இன்னும் பச்சையாகவே தொங்குகிறது. உள்ளே தூசி மாதிரி ஆயிரக்கணக்கில் விதை இருக்கும். அந்த விதையில் உணவு கிடையாது, சரியான பூஞ்சை உள்ள பட்டையில் போய் விழுந்தால்தான் முளைக்கும். தெருவில் இன்னும் மூன்று வேப்பமரம் இருக்கிறது. கரண்ட் கம்பிக்காகக் கிளை கழிக்க வருகிறவர்களிடம், காய் வெடிக்கும்வரை அந்தக் கிளையைத் தொட வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.