காலை 5.27-க்கு வரும் குளிர்

ஆனி மாசக் கடைசியில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்த மெசேஜ் வந்துவிடும். நாளைக் காலை 5.27 மணியிலிருந்து ஆகஸ்ட் 22 வரை பூமி சூரியனை விட்டு விலகிப் போகிறதாம், வழக்கமாக 9 கோடி கிலோமீட்டரில் இருப்பது 15 கோடியே 20 லட்சம் கிலோமீட்டருக்குப் போய்விடுமாம், அதனால் இதுவரை இல்லாத குளிர் அடிக்கும், உடம்பு வலிக்கும், இருமல் வரும், எல்லோருக்கும் அனுப்புங்கள். அனுப்புவது பெரும்பாலும் பெரியப்பாதான். கீழே சித்தி ஒரு கும்பிடு போடுவாள். "பிள்ளைகளுக்குத் தடுமம் பிடிச்சு ஒரு வாரமா விடல, இதான் போல" என்பாள் மதினி.

அந்த 5.27-இல்தான் இருக்கிறது கெட்டிக்காரத்தனம். வெறுமனே காலையிலிருந்து என்று போட்டிருந்தால் பெரியப்பாவே நம்பியிருக்க மாட்டார். ரயில் நேரம் மாதிரி நிமிஷத்தோடு வந்ததும் யாரோ எங்கேயோ கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று தோன்றிவிடுகிறது.

இதில் பாதி உண்மை, தொல்லையே அதுதான். ஒவ்வொரு வருஷமும் ஜூலை முதல் வாரம் பூமி சூரியனிலிருந்து மிகத் தள்ளி இருக்கும், தூரமும் சுமார் 15.2 கோடி கிலோமீட்டர்தான். அந்த 9 கோடிதான் புளுகு. பூமி சூரியனுக்கு மிகப் பக்கத்தில் வரும்போதே தூரம் 14.7 கோடி, ஆக வித்தியாசம் 3 சதவீதம் சொச்சம்தான். இன்னொன்று, நம்ம ஊரில் அந்த நேரத்தில் நிஜமாகவே குளிரும். குற்றாலத்தில் சாரல் விழும், மேகாத்து, அதான் மேற்கேயிருந்து வீசுகிற காற்று, செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கி திருநெல்வேலி வரை வந்து காயப்போட்ட துணியைத் தூக்கிக்கொண்டு போகும். தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு மிச்சத்தை இந்தப் பக்கம் தூவுகிறது, அவ்வளவுதான். ஆனால் மேலில் குளிர்கிறது, கையில் மெசேஜ் இருக்கிறது, ரெண்டையும் சேர்த்து முடிச்சுப் போட யாரும் சொல்லித்தர வேண்டாம்.

முதல் ரெண்டு வருஷம் நான் பொய்ச்செய்தியைச் சரிபார்க்கும் இணையதளங்களின் லிங்க்கை எடுத்துப் போட்டேன். ஒருத்தரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. பெரியப்பா மட்டும், "நீ படிச்சவம்ல, ஒனக்கு எல்லாம் பொய்யாத்தான் தெரியும்" என்றார். பிறகு ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தபோது கேட்டேன், பெரியப்பா, சூரியன் பக்கத்துல வந்தா சூடு, தள்ளிப் போனா குளிரு, சரிதான? ஆமா என்றார். பக்கத்துல வருதது எந்த மாசம்னு சொல்லுங்க. சித்திரையா, வைகாசியா, அக்னி நட்சத்திரமா? இல்ல, மார்கழியில, ஜனவரி முதல் வாரம். பெரியம்மா விடியக்காலம் கோலம் போட வெளியே வந்து கை விறைச்சுப் போய் நிக்காள்ல, அன்னைக்குத்தான் சூரியன் நமக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு. சூட்டையும் குளிரையும் கொண்டுவருதது தூரம் இல்ல, பூமி இருபத்து மூன்றரை டிகிரி சாஞ்சு நின்னுக்கிட்டுச் சுத்துததுதான். பெரியப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு, "ரசத்தை ஊத்தச் சொல்லுல" என்றார்.

காத்தாடி விஷயத்தில் இதுவும் எடுபடவில்லை. பணகுடி, காவல்கிணறு, ஆரல்வாய்மொழிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் காற்றாலைகள். அதுங்க சுத்தி சுத்தி மேகத்தை விரட்டிவிடுகிறது, காத்தாடி வந்த பிறகுதான் மழை போச்சு என்பது பெரியப்பாவின் உறுதியான கட்சி. மழை மேகம் ஒரு கிலோமீட்டருக்கும் மேலே போவது, இறக்கையின் நுனி அதில் கால்வாசிகூட எட்டாது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பக்கம் மழை மறைவுப் பிரதேசம், தென்மேற்குக் காற்று வெறுங்கையோடு வருகிற இடம், திசையன்விளைப் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டைப் பார்த்தால் தெரியாதா அது எத்தனை காலத்து வறட்சி என்று. காற்று பலமாக அடிக்கிறது, இடமும் சும்மா கிடந்தது, அதனால்தான் காத்தாடியை அங்கே கொண்டுபோய் நட்டார்கள். பெரியப்பா அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் நிலம் உண்டு, கிணறு வற்றியது அவர் கண்ணால் பார்த்தது. அந்தக் கோபத்துக்கு ஒரு ஆள் வேண்டும், காத்தாடி கண்ணுக்குத் தெரிகிறது.

இப்படியெல்லாம் பெரியப்பாவைக் கிண்டல் செய்கிற நான் செய்ததைச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. மழை விடவே இல்லை. காயல்பட்டினத்தில் அந்த ஒரு நாளில் பெய்தது சுமார் 95 சென்டிமீட்டர், தூத்துக்குடி மாவட்டம் ஒரு வருஷம் முழுக்கக் காணும் மழையைவிட அதிகம். தாமிரபரணி எங்கே கரை எங்கே ஆறு என்று தெரியாமல் போனது. அந்த நேரத்தில் ஒரு வாய்ஸ் மெசேஜ், யாரோ மூச்சு வாங்கப் பேசுகிறார், "பாபநாசம் அணை உடைஞ்சிட்டு, கீழ உள்ளவங்க ஓடிருங்க" என்று. ரெண்டாவது தடவை கேட்கக்கூட இல்லை, குழுவில் தள்ளிவிட்டேன். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் சித்தி இருந்தது ரெண்டாவது மாடி. அங்கேயே இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. முட்டி வலிக்கார ஆச்சியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, கரண்டு இல்லாத தெருவில், முழங்கால் தண்ணீரில் பாளையங்கோட்டைப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்கு நடந்திருக்கிறாள். நான் அனுப்பியதை நம்பி.

அணை உடையவில்லை. நிரம்பிய அணையிலிருந்து தண்ணீர் திறந்தார்கள், அது நிஜம். பல ஊர்களில் குளம் உடைந்தது, அதுவும் நிஜம். குளம் உடைந்த சேதி பத்துப் பேர் வாய் மாறி வருவதற்குள் அணையாகிவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

வெள்ளம் வடிந்த பிறகு குழுவில் ரெண்டு கட்சி. ஒன்று, யாரோ செயற்கையாக மேகத்தை இழுத்துவந்து நம்ம தலையில் கொட்டிவிட்டார்கள் என்றது. ரேடியோவில் சொன்ன குமரிக்கடல் வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி அவர்கள் காதில் விழவில்லை. இன்னொன்று துபாயில் இருக்கிற அத்தான். "92-லயும்தான் வெள்ளம் வந்துச்சு, அப்பம் எங்க இருந்துச்சு ஒங்க பருவநிலை மாற்றம்?"

இது நியாயமான கேள்வி. 1992 நவம்பரிலும் தாமிரபரணிக்குள் நிற்கிற குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கியது, எங்கள் தாத்தா காலத்திலும் முங்கியிருக்கும். ஒரு வெள்ளத்தைக் காட்டி இது அதனால்தான் வந்தது என்று நான் சொன்னால் அதுவும் 5.27 மாதிரிதான். நான் அத்தானுக்குச் சொன்னது இவ்வளவுதான். ஈர வேட்டியைக் கொடியில் போட்டால் மார்கழியில் காய நேரமாகிறது, சித்திரையில் சட்டென்று காய்கிறது. அந்தத் தண்ணீர் காற்றுக்குள்தான் போகிறது. காற்று 1 டிகிரி சூடானால் அது தாங்குகிற ஈரம் சுமார் 7 சதவீதம் கூடும். நிலக்கரியும் பெட்ரோலும் பெரிய அளவில் எரிக்கத் தொடங்குவதற்கு முன்னால் காற்றில் 10 லட்சத்துக்கு 280 பங்காக இருந்த, சூட்டைப் பிடித்துவைக்கிற கார்பன் டை ஆக்சைடு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது, உலகம் சராசரியாக 1 டிகிரிக்கு மேல் சூடாகிவிட்டது. மழை முன்னாலும் கொட்டியது, இனிக் கொட்டும்போது கையில் கூடுதல் சரக்கோடு வந்து கொட்டும். அத்தான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்றைப் போட்டார். ஒத்துக்கொண்டாரா, ஆளை விடு என்றாரா, தெரியவில்லை. அதற்காக, ஓடையை அடைத்து வீடு கட்டியவனும் தூர்வாராத குளமும் பருவநிலை மாற்றத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது என்று எழுதினேன், அதற்குப் பதிலே இல்லை. குழுவில் பாதிப் பேருக்கு வீடு அப்படிப்பட்ட இடத்தில்தான்.

இந்த ஆனியிலும் மெசேஜ் வந்தது, குழுவில் இல்லை, எனக்குத் தனியாக. கீழே பெரியப்பா, "இது அந்த மார்கழிக் கதைதானல?" என்று கேட்டிருந்தார். ஆமா பெரியப்பா என்று போட்டேன். அடுத்த நிமிஷம் காத்தாடி படம் ஒன்று, "இதுக்கு என்ன சொல்லுத" என்று.

சித்தி இப்போதும் ஐப்பசியில் வானம் கருத்தால் எனக்குப் போன் செய்வாள். சாப்பிட்டியா என்றுகூடக் கேட்க மாட்டாள். "ஏல, அணை நல்லா இருக்கா?"