பிசிக்ஸ் லேப் கரும்பலகை

செப்டம்பர் 8, திங்கள்

காலையில ஆபீஸ்ல இருந்து ஒரு கட்டு சர்குலர் வந்துச்சு, படிச்சிட்டு சுருக்கமா ஒரு கையெழுத்து போட்டு அடுத்த டிபார்ட்மென்ட்டுக்கு தள்ளி விடணும், அவ்ளோதான் நம்ம வேலை. அதுல ஒண்ணு பசங்களுக்கான பயிற்சி முகாம். நல்ல முகாம், தங்குற இடம் சாப்பாடு எல்லாம் ஃப்ரீ. கடைசி தேதி ஆகஸ்ட் 30. யாரையும் குத்தம் சொல்ல முடியல, தபால் பிரின்சிபால் டேபிளுக்கு போகுது, அங்க இருந்து சூப்பிரண்டு, அப்புறம் டெஸ்பாட்ச் நம்பர், அப்புறம் அட்டெண்டர் கையில கட்டிடம் கட்டிடமா சுத்தி, கடைசியா கண்ணாடி போட்ட நோட்டீஸ் போர்டுக்குள்ள போகுது, அந்த போர்டு சாவி யாருகிட்ட இருக்குன்னு தேடவே ரெண்டு நாள் ஆகும்.

சிட்டி காலேஜ் பசங்களுக்கு இந்த தொல்லை கிடையாது. சீனியர் ஒருத்தன் போயிட்டு வந்திருப்பான், ஹாஸ்டல்ல உக்காந்து கதை கதையா சொல்லுவான். எங்க பசங்க நாலு மணி பஸ்ஸை விட்டா அடுத்தது ஆறு மணிக்குத்தான்னு ஓடுற கூட்டம். இவங்களுக்கு யார் சொல்றது?

டார்க் ரூம் வாசல்ல யாரும் யூஸ் பண்ணாத ஒரு பழைய கரும்பலகை கிடக்கு. அதை துடைச்சு எடுத்து "எது, யாருக்கு, எப்போ முடியுது" அப்படின்னு மூணு கட்டம் கிழிச்சேன். முதல் வரி ஜாம் (JAM), பி.எஸ்சி முடிச்சவங்க ஐஐடில எம்.எஸ்சி சேர எழுதுற பரிட்சை. அப்ளிகேஷன் ஓபன் ஆயிடுச்சு.

செப்டம்பர் 11, வியாழன்

"ஐஐடியா மேடம், அதுக்கெல்லாம் நாமக்கல்ல கோச்சிங் போயிருக்கணுமே"ன்னு ஒருத்தன் கேட்டான். பிளஸ் டூ முடிச்சவங்க எழுதுற ஜேஇஇயையும் ஜாமையும் ஒண்ணாக்கிட்டான். அவனை சொல்லி என்ன பண்றது, ஐஐடின்னா பிளஸ் டூவோட கதவு சாத்திடும்னுதான் ஊர்ல எல்லாரும் நினைச்சிட்டு இருக்காங்க. பி.எஸ்சி முடிச்சவங்க அங்க எம்.எஸ்சி சேர தனியா ஒரு பரிட்சை இருக்கு, அது 2004ல இருந்தே நடக்குது, பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி மேத்ஸ் எல்லாம் சேத்து ஏழு பேப்பர், அந்த ஸ்கோரை வச்சு பெங்களூர் ஐஐஎஸ்சிக்கும் என்ஐடிக்கும் கூட போட முடியும்னு சொன்னதும் கிளாஸ் கொஞ்சம் நிமிர்ந்து உக்காந்துச்சு.

அப்புறம் மார்க் கணக்குக்கு வந்தோம். மூணு மணி நேரம், 60 கேள்வி, 100 மார்க். முதல் 30 கேள்வி நாலுல ஒண்ணை தேர்ந்தெடுக்கிறது, அதுல தப்பு பண்ணா மூணுல ஒரு பங்கு மார்க் போயிடும். அடுத்த பத்துல சரியான விடை ஒண்ணுக்கு மேலயும் இருக்கலாம், மைனஸ் கிடையாது, ஆனா எல்லாத்தையும் சரியா டிக் பண்ணாதான் மார்க், பாதி சரின்னா முட்டைதான். கடைசி இருபது நம்பரை நாமே டைப் பண்றது, அதுலயும் மைனஸ் கிடையாது. இந்த கடைசி இருபதுதான் நம்ம பசங்களுக்கு தோதானதுன்னு நான் நினைக்கிறேன், ப்ராப்ளம் போட்டு பழகின கை, ஆப்ஷனை பாத்து குழம்ப வேண்டியதில்ல.

கேள்வித்தாள் முழுக்க இங்கிலீஷ்தான், தமிழ் மீடியத்துல இருந்து வந்ததுங்களுக்கு மூஞ்சி சுருங்கிடுச்சு. கொஸ்டின்ல வர்ற இங்கிலீஷ் மொத்தமே ஒரு இருநூறு வார்த்தைக்குள்ள அடங்கிடும், பழைய பேப்பர் அஞ்சு வருஷத்தோடது எடுத்து போடுங்க, தன்னால பிடிபடும்னு சொன்னேன். பொண்ணுங்களுக்கும் எஸ்சி, எஸ்டி பசங்களுக்கும் ஃபீஸ் பாதிதான், அதையும் கரும்பலகையில சேத்து எழுதிட்டேன்.

அக்டோபர் 17, வெள்ளி

கேரியர் கைடன்ஸ் செல் சார்பா விழிப்புணர்வு நிகழ்ச்சி. மைக் செட்டு, பொன்னாடை, குத்துவிளக்கு, ஜியோடேக் போட்டோ. காலேஜுக்கு தரம் போடுற நாக் (NAAC) ஃபைலுக்கு போட்டோல தேதியும் இடமும் விழணுமாம், அதனால பேசிட்டு இருந்தவரை பாதியில நிறுத்தி, கூட்டத்தை முன்வரிசைக்கு நகர்த்தி, பேனர் தெரியுற மாதிரி ஒரு போட்டோ. பேசுனவர் நல்லாதான் பேசினாரு, கனவு காணுங்க, உழையுங்கன்னு. எந்த வெப்சைட், எந்த மாசம், என்ன சர்டிஃபிகேட் வேணும், இதுல ஒண்ணுகூட வரல. ரெண்டாம் பெஞ்சு பசங்களுக்கு கனவுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லீங்க, தேதிதான் தெரிய மாட்டேங்குது.

அப்புறம் மேத்ஸ் மேடம் வந்து கரும்பலகையில எனக்கும் ஒரு வரி குடுங்கன்னு கேட்டாங்க. எம்டிடிஎஸ் எழுதினாங்க. கோடை லீவுல நடக்குற மேத்ஸ் முகாம், பேராசிரியர் குமரேசன் 1993ல ஆரம்பிச்சது, ஃபார்முலா மனப்பாடம் பண்ண விடாம ஏன் ஏன்னு கேட்டே கொன்னு எடுப்பாங்களாம். போயிட்டு வந்த பசங்க அதுக்கப்புறம் ஸ்டாஃபை நிம்மதியா பாடம் எடுக்க விட மாட்டாங்கன்னு மேடமே சிரிச்சாங்க.

நவம்பர் 6, வியாழன்

இன்னைக்கு எழுதறதுக்கு நிறைய இருக்கு. மூணு அறிவியல் அகாடமிங்க, அதாவது பெங்களூர், டெல்லி, பிரயாக்ராஜ்ல இருக்கறவங்க, சேர்ந்து நடத்துற கோடைகால ஆராய்ச்சி ஃபெல்லோஷிப். செலக்ட் ஆனா பெரிய ஆராய்ச்சி நிறுவனம் எதுலயாவது ஒரு விஞ்ஞானிகிட்ட ரெண்டு மாசம் வேலை பாக்கலாம், உதவித்தொகை உண்டு, ரயில் டிக்கெட் காசும் தருவாங்க. விண்ணப்பம் வழக்கமா நவம்பர்ல முடிஞ்சிடும், அதாவது பசங்க செமஸ்டர் பரிட்சைக்கு ரெக்கார்டு எழுதிட்டு இருக்கிற அதே நேரத்துல.

மார்க் லிஸ்ட் வேணும், ஏன் இது வேணும்னு மாணவர் சொந்தமா ஒரு பத்தி எழுதணும், பாடம் எடுக்குற ஸ்டாஃப் ஒருத்தர் சிபாரிசு கடிதம் குடுக்கணும். இந்த கடைசி ஐட்டத்துலதான் சின்ன காலேஜுங்க கோட்டை விடுது. நம்ம ஆளுங்க எழுதற சிபாரிசு கடிதம் நன்னடத்தை சர்டிஃபிகேட்டேதான். ஒழுக்கமானவர், கீழ்ப்படிதல் உள்ளவர், வாழ்வில் எல்லா வளமும் பெற வாழ்த்துகிறேன். இதை படிச்சிட்டு அங்க இருக்கிற ஆளு என்ன முடிவுக்கு வருவாரு? கல்யாணத்துக்கு வரன் பாக்குறாங்கன்னு வேணா நினைப்பாரு.

மூணாம் வருஷ பொண்ணு ஒண்ணு வந்து கேட்டுச்சு, மேடம் எனக்கு எழுதி தர்றீங்களான்னு. 78 பர்சென்ட் வச்சிருக்கு, கிளாஸ் ஃபர்ஸ்ட் கிடையாது. ஆனா போன வருஷம் ஸ்பெக்ட்ரோமீட்டர்ல, அதாவது வெளிச்சம் வளையுற கோணத்தை அளக்குற கருவியில, அது பண்ண காரியம் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு. பிரிஸத்துக்கு மினிமம் டீவியேஷன், அதாவது வெளிச்சம் ஆகக் குறைவா வளையுற கோணம், எடுக்கும்போது வட்ட அளவுகோல்ல எதிரெதிரா இருக்கிற ரெண்டு வெர்னியர்லயும் ரீடிங் எடுக்கணும், எல்லாரும் முதல் வெர்னியரை பாத்துட்டு ரெண்டாவதுக்கு 180 டிகிரி கூட்டி எழுதிடுவாங்க, காலங்காலமா நடக்குறதுதான், எங்களுக்கும் தெரியும், கண்டுக்க மாட்டோம். இது மட்டும் நிஜமாவே ரெண்டாவதையும் பாத்திருக்கு. அஞ்சாறு நிமிஷம் வித்தியாசம் வந்திருக்கு, டிகிரியில அறுபதுல ஒரு பங்கு நிமிஷத்தை சொல்றேன். கருவி ரிப்பேர்னு வந்து நின்னுச்சு. இல்லம்மா, யோசிச்சு பாருன்னு அனுப்பிட்டேன். மறுநாள் ஒரு வட்டம் வரைஞ்சு எடுத்துட்டு வந்திருக்கு, சுத்துற அச்சும் வட்டத்தோட மையமும் ஒரே இடத்துல இல்லன்னா ஒரு பக்கம் கூடும், எதிர் பக்கம் அதே அளவு குறையும், சராசரி எடுத்தா ரெண்டும் அடிபட்டு போயிடும், அதுக்குத்தான் ரெண்டு வெர்னியர் வச்சிருக்காங்களா மேடம்னு.

கடிதத்துல இதைத்தான் எழுதினேன், வேற எதுவும் பெருசா எழுதல. ஐநூறு பேர் படிக்கிற இடத்துல எந்த ஸ்டாஃபுக்கு இது ஞாபகம் இருக்கும்? இங்க கிளாஸுக்கு 28 பேர், யாரு எந்த மேஜையில நின்னு என்ன பண்ணாங்கன்னு கண்ணை மூடிட்டு சொல்லிடலாம். சின்ன காலேஜ்ல லேப் இல்ல, லைப்ரரி இல்ல, பஸ் இல்லன்னு நாமளே பொலம்பிட்டு இருக்கோம், இது ஒண்ணு நம்மகிட்ட இருக்கறதை யாரும் பேசறதில்ல.

நவம்பர் 20, வியாழன்

மழை. கரண்ட் போயி போயி வருது. பரிட்சை டூட்டி. கடைசி நாள் வரைக்கும் வச்சிருந்தா சர்வர் படுத்துக்கும்னு விரட்டி விரட்டி, ஃபெல்லோஷிப்புக்கு மொத்தம் நாலு பேர் போட்டுட்டாங்க.

ஜனவரி 20, செவ்வாய்

ஐஐடிங்க ஆன்லைன்ல நடத்துற என்பிடெல் (NPTEL) ஜனவரி கோர்ஸ் ஆரம்பிச்சாச்சு. சேர்றதுக்கும் வீடியோ பாக்குறதுக்கும் காசு இல்ல, பரிட்சை எழுதினாதான் ஆயிரம் ரூபா. ஒரு பொண்ணு புதுமைப்பெண் பணம் ஒரு மாசத்தோடதை இதுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன் மேடம்னுச்சு. கவர்மென்ட் ஸ்கூல்ல ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் படிச்ச பொண்ணுங்களுக்கு 2022ல இருந்து மாசம் ஆயிரம் வருதுல்ல, அதுதான். பசங்களுக்கும் 2024ல இருந்து தமிழ்ப்புதல்வன்ல வருது, அவனுங்க அதுல என்ன பண்றானுங்கன்னு கேட்கல.

அதுகிட்ட நான் சொன்னது ஒண்ணே ஒண்ணு, வாராவாரம் வர்ற அசைன்மென்ட்டை விட்டுடாத. எல்லாரும் கடைசி பரிட்சையில பாத்துக்கலாம்னு இருப்பாங்க, ஆனா அசைன்மென்ட்டுக்கு 25, பரிட்சைக்கு 75, ரெண்டுலயும் தனித்தனியா பாஸ் ஆகணும், 25க்கு 10, 75க்கு 30. பன்னிரண்டு வார கோர்ஸ்ல நல்லா பண்ண எட்டை மட்டும்தான் கணக்குல எடுப்பாங்க, அதனால உடம்பு சரியில்ல, ஊர் திருவிழான்னு நாலு வாரம் போனாலும் பரவாயில்ல. சில கோர்ஸுக்கு தமிழ்ல மொழிபெயர்ப்பும் இருக்கு, முதல்ல அதை படிச்சிட்டு வீடியோ பாருன்னேன்.

பிப்ரவரி 7, சனி

காவலூர் போயிட்டு இப்பதான் வந்தோம், மணி ஒண்ணு ஆகப்போகுது, தூக்கம் வரல. ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலைக்காட்டுக்குள்ள இருக்கு, வைணு பாப்பு அப்சர்வேட்டரி. நம்ம பக்கத்துல இருந்தும் பாதி பேருக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. 1986ல வச்ச 2.34 மீட்டர் டெலஸ்கோப், கண்ணாடியோட அகலம் மட்டும் நம்ம ஸ்டாஃப் ரூம் கதவை விட உயரம். அதுல எட்டிப் பாக்க விட மாட்டாங்க, அது ஆராய்ச்சிக்கு. பொதுமக்களுக்கு தனியா சின்னது வச்சிருக்காங்க, மேகம் இல்லாம இருந்தா பாக்கலாம். அதுக்காகத்தான் மழைக்காலம் முடியட்டும்னு இருந்தோம்.

வியாழன் நல்லா தெரிஞ்சுது, கோடும் தெரிஞ்சுது, பக்கத்துல நிலாக்கள் புள்ளி புள்ளியா வரிசை கட்டி. ஒருத்தன் கண்ணை எடுக்கவே மாட்டேங்குறான், பின்னாடி க்யூல இருக்கறவங்க கத்துறாங்க. 1977ல யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போனப்போ, மறைக்கிறதுக்கு முன்னாடியே நட்சத்திர வெளிச்சம் சட்டுனு குறைஞ்சுது, அப்படித்தான் யுரேனஸுக்கு வளையம் இருக்கறதே தெரிய வந்துச்சு, அது இங்கயும் பதிவாச்சுன்னு சொன்னதும், "இங்கயா மேடம், நம்ம ஜில்லாவுலயா?"ன்னு கேட்டான் அதே பையன்.

பிப்ரவரி 16, திங்கள்

ஜாம் எழுதிட்டு வந்துட்டாங்க. பிசிக்ஸ் கஷ்டமாம், எந்த வருஷம் ஈஸின்னு சொல்லி இருக்காங்க. பெரிய புகார் என்னன்னா கால்குலேட்டர். கையில கொண்டு போகக்கூடாது, ஸ்கிரீன்லயே வர்ற கால்குலேட்டரை மவுஸ்ல ஒவ்வொரு பட்டனா தட்டணும். வீட்ல கம்ப்யூட்டர் இல்லாத பசங்க, மவுஸே லேப்ல மட்டும்தான் தொட்டிருப்பாங்க, சைன் இன்வர்ஸ் எங்க இருக்குன்னு தேடியே நேரம் போயிடுச்சாம். அடுத்த வருஷத்துக்கு கம்ப்யூட்டர் லேப்ல சனிக்கிழமை ரெண்டு மணி நேரம் கேட்டு வாங்கணும். எச்ஓடி சரின்னுட்டாரு, கம்ப்யூட்டர் சயின்ஸ்காரங்கதான் இழுப்பாங்க.

மார்ச் 12, வியாழன்

நாலு பேர்ல வெர்னியர் பொண்ணுக்கு மட்டும் ஃபெல்லோஷிப் வந்திருக்கு. மெயிலை காட்ட ஓடி வந்துச்சு. மத்த மூணு பேருக்கும் மூஞ்சி தொங்கிப் போச்சு, அதுல ஒருத்தன் இதைவிட நல்லா மார்க் வச்சிருக்கறவன், அவனுக்கு நான் என்ன சொன்னாலும் இப்ப ஏறாது. ரெண்டாம் வருஷம்தான், திரும்ப போடலாம்.

சாயங்காலம் அந்த பொண்ணோட அப்பா வந்தாரு, கூடவே சித்தப்பாவும். "ரெண்டு மாசம்னு சொல்லுதுங்க மேடம், வெளி ஸ்டேட்டு, தனியா எப்படி அனுப்புறதுங்க?" ஹாஸ்டல் இருக்கா, வார்டன் லேடியா, ரயில்ல யாரு கூட போறது, நம்பர் வாங்கி தருவீங்களா. எல்லாமே கேக்க வேண்டிய கேள்விதான், பிற்போக்குன்னு ஒதுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. மெயிலை பிரிண்ட் எடுத்து குடுத்து, கைடு பேரும் அட்ரஸும் காட்டினேன். சித்தப்பா கடைசியா கேட்டாரு, "இதுக்கு அவங்க காசு கேக்க மாட்டாங்க இல்லீங்களா?" இல்லீங்க, அவங்கதான் தருவாங்கன்னதும் அந்த மனுஷன் பிரிண்டை வாங்கி மறுபடி மேல இருந்து படிக்க ஆரம்பிச்சிட்டாரு.

மார்ச் 24, செவ்வாய்

ஜாம்ல ஒரு பையனுக்கு கட் ஆஃப் தாண்டி ரேங்க் வந்திருக்கு. என்ன சீட் கிடைக்கும்னு இப்ப சொல்ல முடியாது. அதுக்குள்ள இன்னொரு தலைவலி, சாதி சான்றிதழ். நம்ம ஸ்டேட் எம்பிசி கார்டை வச்சிருக்கான், அது அங்க செல்லாது, மத்திய அரசு ஃபார்மட்ல ஓபிசி நான்-கிரீமி லேயர்னு, அதாவது வருமான வரம்புக்குள்ள இருக்கற ஓபிசின்னு தனியா வாங்கணும், இ சேவை மையத்துல போட்டு விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு ஏறி இறங்கணும். காலையிலயே வருமான சான்றையும் எடுத்துக்கிட்டு கிளம்பிப் போடான்னு அனுப்பிட்டேன், அட்டெண்டன்ஸ் நான் பாத்துக்கறேன். கரும்பலகையில ஜாம் வரிக்கு பக்கத்துலயே இதையும் எழுதியாச்சு, செப்டம்பர்லயே வாங்கி வச்சிடணும்னு.

வெர்னியர் பொண்ணுக்கு யுனிவர்சிட்டி பரிட்சை மே வரைக்கும் இழுக்கும் போல, கைடுக்கு மெயில் போட சொன்னேன், பரிட்சை முடிஞ்சதும் வர்றேன்னு. ஒரே நாள்ல பதில், தாராளமா வாங்க, அதுக்குள்ள இந்த ரெண்டு பேப்பரை படிச்சிட்டு வாங்கன்னு. ரெண்டும் சேத்து 31 பக்கம். மதியம் லேப்ல உக்காந்து முதல் பக்கத்தையே ஒரு மணி நேரம் பாத்துட்டு இருந்துச்சு. ரெக்கார்டு நோட்டுல இன்னும் ரெண்டு எக்ஸ்பெரிமென்ட் பாக்கி, அதை முதல்ல முடிச்சு கையெழுத்து வாங்கு தாயேன்னு சொல்லிட்டு வந்தேன்.