அரை டிக்கெட்

பிப்ரவரி 3
கடிதம் இன்னும் எழுதவில்லை.

பிப்ரவரி 4
மூன்று மணிக்கே விழித்துவிட்டேன். மறுபடியும் அதே கணக்கு: யூதர்களைக் கொலைமுகாம்களுக்கு ஏற்றிப்போக நாஜி ஜெர்மனியின் ரயில்வே போட்ட கட்டணம். கிலோமீட்டருக்கு 4 பிஃபெனிக் (ஜெர்மன் சில்லறைக் காசு), மூன்றாம் வகுப்புக் கட்டணம். 10 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு அரை டிக்கெட், 4 வயதுக்குக் கீழே இலவசம். 400 பேரைச் சேர்த்து அனுப்பினால் கட்டணத்தில் பாதி தள்ளுபடி. ஏற்றியது சரக்குப் பெட்டியில், வசூலித்தது பயணிகள் கட்டணம். ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்குப் போகிறவர்களுக்கு ஒருவழி. காவலர்களுக்கு மட்டும் திரும்பி வரவும் சேர்த்து. யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து இதையெல்லாம் கூட்டியிருக்கிறார். அவர் யாரையும் கைநீட்டி அடித்திருக்கமாட்டார். அதை நினைத்தால்தான் தூக்கம் போய்விடுகிறது.

பிப்ரவரி 5
கண்ணில் ஊசி போட்டார்கள். மங்கல் அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 7
இதே தலைப்பில் ஆய்வு செய்ய நினைக்கும் அந்தப் பெண் மறுபடியும் எழுதியிருக்கிறாள். பரிந்துரைக் கடிதத்துக்கு 15ஆம் தேதி கடைசி நாள். "நீங்கள் வேண்டாம் என்றால் வேறு தலைப்பு எடுத்துக்கொள்கிறேன், அம்மா."

வரலாற்றாய்வாளர் ரவுல் ஹில்பெர்க் 1948இல், நாஜிகள் யூதர்களை அழித்ததைப் பற்றிய இந்த ஆய்வில் இறங்கியபோது அவருடைய பேராசிரியர் ஃபிரான்ஸ் நியூமன் சம்மதித்தார். ஆனால் உன் எதிர்காலத்துக்கு நீயே குழி தோண்டுகிறாய் என்று எச்சரித்தார். பதிப்பகங்கள் கைவிரித்து, நூல் அச்சேற 1961 ஆகிவிட்டது. அதைப் பார்க்க நியூமன் உயிரோடு இல்லை. ரயில்வேத் தாள்களை எப்படி வாசிப்பது என்று எங்களுக்கெல்லாம் காட்டிக்கொடுத்தவர் ஹில்பெர்க். அன்று அந்த ஆசிரியர் மறுத்திருந்தால்?

அவளுக்கு வேலை கிடைக்காமல் போகும் என்பது என் கவலையே இல்லை. இருட்டில் இந்த எண்களோடு விழித்துக் கிடப்பாளே, அதுதான்.

பிப்ரவரி 8
மழை. ஒரு வரிகூட ஓடவில்லை.

பிப்ரவரி 10
இனப்படுகொலையா, இனவழிப்பா? சட்ட அறிஞர் லெம்கின் 1944இல் கிரேக்கத்தையும் லத்தீனையும் ஒட்டவைத்து 'ஜெனோசைட்' என்ற சொல்லை உண்டாக்கினார். நாம் தமிழில் இன்னும் இரண்டுக்கும் நடுவே நிற்கிறோம். 'படுகொலை' என்றதும் பிணங்கள் மட்டுமே மனதில் வருகின்றன. பிள்ளைகளைப் பறித்து வேறொரு கூட்டத்தாரிடம் ஒப்படைப்பதையும் ஐ.நா.வின் 1948 உடன்படிக்கை இதே குற்றத்துக்குள் வைத்திருக்கிறது. ஓர் உயிரும் போகாமல் ஓர் இனமே இல்லாமல் போய்விடலாம். இனவழிப்பு என்றே எழுதப் போகிறேன். கையெழுத்துப் பிரதி முழுவதும் திருத்த வேண்டும், கண் இடம் கொடுத்தால்.

பிப்ரவரி 12
பொடி எழுத்து தெரியவில்லை. பூதக்கண்ணாடி வைத்தும்.

பிப்ரவரி 13
மகள் வந்திருந்தாள். பேரனுக்கு அடுத்த வாரம் 4 வயது முடிகிறது என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டேன். பின்னாலேயே வந்து, "என்னம்மா, கண் வலிக்கிறதா?" என்றாள். ஆமாம் என்றேன்.

பிப்ரவரி 14
முதல் வாக்கியம் எழுதினேன்: 'இவர் ஓர் ஆவணத்தைக் கையில் எடுத்தால் ஓரக்குறிப்பு வரை வாசிக்காமல் கீழே வைப்பதில்லை.' உண்மைதான். இரண்டாவது வாக்கியத்தில் எச்சரிக்க நினைத்தேன், அடித்துவிட்டேன். அது அவளிடம் நேரில் சொல்ல வேண்டியது. நாளைக் காலை அழைத்து