முதலில் அறுவது எது?

சேற்றில் புதைந்த வண்டியைச் சுற்றி நாலு பேர் நின்றால் நாலு யோசனை வரும். "ஸ்ட்ராப்பைப் பூட்டி ஒரே இழுப்பு, வந்துரும்" என்பவர் குரல்தான் சத்தமாகக் கேட்கும். வண்டி வந்தாலும் வரும். வராவிட்டால் எது அறும், அறுந்தது எங்கே போய் விழும் என்பதை அவர் யோசித்திருக்க மாட்டார். மீட்பு வேலை தெரிந்தவர் அதைத்தான் முதலில் யோசிப்பார்.

ஸ்ட்ராப்பை, அதாவது வண்டியை இழுக்கும் நாடாப் பட்டையைத் தொடுவதற்கு முன் எவ்வளவு ஆழம் என்று பார்க்க வேண்டும். ராணுவ மீட்புக் குழுக்கள் வைத்திருக்கும் கைக்கணக்கு இதற்குப் போதும். சேறு சக்கர ஹப் (சக்கரத்தின் மையம்) வரை என்றால் இழுக்கத் தேவையான விசை வண்டியின் எடை அளவு. ஹப்பைத் தாண்டி மட்கார்டு வரை என்றால் இரண்டு மடங்கு. அதற்கும் மேல் என்றால் மூன்று மடங்கு. 2.5 டன் வண்டி மட்கார்டு வரை இறங்கியிருந்தால் 5 டன் இழுவை வேண்டும். அரை மணி நேரம் மண்வெட்டி பிடித்து, சக்கரங்களுக்கு முன்னால் சரிவாகத் தோண்டி, அச்சின் நடுவே புடைத்திருக்கும் டிஃபரன்ஷியலுக்கு அடியில் தட்டியிருக்கும் மண்ணையும் எடுத்துவிட்டால் அந்த 5 டன் பாதியாகக் குறையலாம். மணலில் என்றால் டயர் காற்றை 18 பிஎஸ்ஐ வரை இறக்கிப் பார்த்தாலே பல வண்டிகள் தாமாகவே ஏறி வந்துவிடும். 15-க்குக் கீழே இறக்கினால் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று திருப்பக் கூடாது. டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும்.

இவ்வளவு செய்தும் வரவில்லை என்றால்தான் ஸ்ட்ராப். டோ ஸ்ட்ராப் வேறு, ஸ்நாட்ச் ஸ்ட்ராப் வேறு. டோ ஸ்ட்ராப் பாலியஸ்டர், அநேகமாக நீளாது. நின்றுபோன வண்டியைச் சமதரையில் மெல்ல இழுத்துப் போகத்தான் அது ஆகும். ஸ்நாட்ச் ஸ்ட்ராப் நைலான், சுமார் 20 சதவீதம் நீளும். 9 மீட்டர் ஸ்ட்ராப் கிட்டத்தட்ட 1.8 மீட்டர் இழுபட்டு, ரப்பர் போலச் சுருங்கும்போது புதைந்த வண்டியைப் பிடுங்கும். அந்த நீட்சியில் தேங்கும் ஆற்றல் கொஞ்சநஞ்சமல்ல. 2.5 டன் வண்டி மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி இழுத்தால் சுமார் 9,600 ஜூல். வேகம் 20 ஆனால் இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்கு: 38,000 ஜூலுக்கு மேல். "இன்னும் கொஞ்சம் வேகமா வா" என்று கையைக் காட்டுகிறவர் கேட்பது இதைத்தான்.

ஒரு முனை விட்டுப் போனால் அவ்வளவு ஆற்றலும் அந்த முனையில் தொங்கும் பொருளுக்குள் இறங்கும். அது வெறும் துணி என்றால் சாட்டையடி. இரும்பு என்றால் பீரங்கிக் குண்டு. டிரெய்லர் மாட்ட வண்டியின் பின்னால் இருக்கும் இரும்பு உருண்டையான டோ பாலில் ஸ்ட்ராப்பைப் போடவே கூடாது என்பது இதனால்தான். அந்த உருண்டையின் கழுத்து சீரான இழுவைக்குச் செய்தது, வெட்டி இழுக்கும் அதிர்ச்சிக்கு அல்ல. முறிந்து பறந்த டோ பால் கண்ணாடியைத் துளைத்து உள்ளே இருந்தவரைக் கொன்ற சம்பவங்கள் உண்டு. லாரியில் ஏற்றிக் கட்டுவதற்காக வண்டிக்கு அடியில் வைத்திருக்கும் மெல்லிய வளையமும் இதே ரகம்தான். பார்க்க இழுவைக் கொக்கி போல இருக்கும். சகதி பூசிய நிலையில் வித்தியாசம் தெரியாது. ஷாசியில் உயர்பலப் போல்ட்டால் பூட்டிய, தாங்குதிறன் பொறித்த கொக்கிதான் கொக்கி.

ஸ்ட்ராப்பைக் கொக்கியோடு இணைக்கும் இரும்பு வளையமான ஷேக்கிள் விஷயத்தில் பலர் குழம்புவது எண்ணில். 19 மில்லிமீட்டர் வில் ஷேக்கிளில் 4.75 டன் என்று பொறித்திருக்கும். ஸ்ட்ராப்பில் 8 டன் என்று இருக்கும். பார்த்ததும் ஷேக்கிள்தான் பலவீனம் என்று தோன்றும். உண்மை தலைகீழ். ஷேக்கிளில் இருப்பது வேலைச்சுமை, அதாவது பாதுகாப்பாக ஏற்றக்கூடிய அளவு. நல்ல தயாரிப்பு உடைவதற்கு அதைப்போல் 4 முதல் 6 மடங்கு வேண்டும். ஸ்ட்ராப்பில் இருப்பது அறும் சுமை. ஆக, முதலில் அறுவது ஸ்ட்ராப். அப்படித்தான் இருக்கவும் வேண்டும்: தொடரில் எடை குறைந்த பொருள்தான் முதலில் போக வேண்டும். ஸ்ட்ராப்பின் அறும் சுமை, இரண்டு வண்டிகளில் லேசானதன் மொத்த எடையைப்போல் 2 முதல் 3 மடங்கு. "எதற்கும் இருக்கட்டும்" என்று 15 டன் ஸ்ட்ராப் வாங்கினால் அது சரியாக நீளவும் நீளாது, அடுத்த பலவீனம் கொக்கிக்குப் போய்விடும். எண் பொறிக்காத ஷேக்கிள் எவ்வளவு பளபளத்தாலும் வேண்டாம். ஷேக்கிளின் மரையாணியைக் கடைசி வரை முறுக்கிவிட்டுக் கால் சுற்று தளர்த்தினால் பிறகு கழற்றச் சுத்தியல் தேட வேண்டியதில்லை. இரண்டு ஸ்ட்ராப்புகளைச் சேர்க்க நடுவில் ஷேக்கிள் போடுவது தற்கொலைக்குச் சமம். ஒரு ஸ்ட்ராப்பின் முனை வளையத்துக்குள் மற்றதைக் கோத்து, இறுகிப் பூட்டிக்கொள்ளாமல் இடையில் சுருட்டிய செய்தித்தாள் வைத்தால் போதும்.

முதல் இழுப்பு ஓட்டமே இல்லாமல், ஸ்ட்ராப் விறைத்த நிலையில். அதில் வராவிட்டால் ஒன்று அல்லது இரண்டு மீட்டர் தொய்வு விட்டு, லோ ரேஞ்ச் (நாலு சக்கர இழுவை வண்டியின் மெதுவான, வலுவான கியர் வரிசை) இரண்டாம் கியரில். புதைந்த வண்டியும் அதே நேரம் சக்கரத்தை மெல்லச் சுழற்ற வேண்டும். மூன்று முறைக்கு மேல் வரவில்லையா, மண்வெட்டிக்குத் திரும்புங்கள்.

வண்டியில் பூட்டிய உருளையில் கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் நிதானமான வழி. நிதானம் என்பதாலேயே அசட்டையும் வரும். 9,500 பவுண்டு, அதாவது சுமார் 4,300 கிலோ என்ற திறன், உருளையின் முதல் அடுக்கில் மட்டும். மேல் அடுக்குகளில் ஏற ஏற இழுவை குறையும். அதனால் கயிற்றை நீளமாக வெளியே எடுப்பது நல்லது. ஆனால் உருளையில் எஃகு வடம் 5 சுற்றாவது, செயற்கைக் கயிறு 8 சுற்றாவது மிச்சம் இருக்க வேண்டும். மரத்தில் கப்பி போட்டு, கயிற்று நுனியைத் திருப்பி அதே வண்டியில் மாட்டினால் இழுவை இரட்டிக்கும். கப்பி மாட்டிய மரமும் இரட்டிப்பாகத் தாங்க வேண்டும் என்பது மறந்துபோகும்: ஒவ்வொரு கயிற்றிலும் 4 டன் என்றால் மரத்தில் 8 டன். கயிறுகளுக்கு இடைக்கோணம் 120 பாகையாக விரிந்தால்தான் அது 4 டன்னுக்கு வரும். எஃகு வடத்தின் மேல் ஈரச் சாக்கைப் போடுங்கள். அறுந்தால் தரையில் அமுக்கும். கையில் தோலுறை இருந்தாலும் ஓடுகிற வடத்தைத் தொடக் கூடாது.

நிற்கும் இடம்: விறைத்த கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி. கப்பி போட்டிருந்தால் கயிறு மடங்கும் கோணத்துக்கு உள்ளே யாரும் நிற்கக் கூடாது. கப்பி கழன்றால் கயிறு வீசுவது அந்தப் பக்கம்தான். விறைத்த கயிற்றைத் தாண்டுவது அறவே கூடாது. இரண்டு வண்டியிலும் ஓட்டுநர் தவிர ஆள் வேண்டாம். "இழு" என்று சொல்ல ஒருவர் மட்டும். "நிறுத்து" என்று யார் கத்தினாலும் நிறுத்த வேண்டும், வேடிக்கை பார்க்க வந்த சிறுவன் கத்தினாலும்.

வேலை முடிந்ததும் ஸ்ட்ராப்பை வெறும் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். இழைக்குள் புகுந்த மணல் உள்ளிருந்தே அறுக்கும். ஈர நைலானுக்குப் பலமும் குறைவு. ஓரத்தில் வெட்டோ, உருகிப் பளபளக்கும் இடமோ கண்டால் அதை நாலு துண்டாக நறுக்கிப் போடுங்கள். முழுசாகக் கிடந்தால் அவசரத்துக்கு யாராவது எடுத்துப் பூட்டிவிடுவார்கள்.