சித்தியின் ரிப்போர்ட்

பிப்ரவரி 6

சித்தியின் பயாப்சி ரிப்போர்ட் வந்துவிட்டது. கருப்பைவாய்ப் புற்றுநோய். பஸ் கோரிப்பாளையம் தாண்டும்போது என் காதருகே குனிந்து, "இது நம்ம வம்சத்துல வர்றதா தாயி?" என்றார். பக்கத்தில் ஆட்கள். வீட்டில் சொல்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 8

தூக்கமில்லை. ரிப்போர்ட்டில் எச்பிவி 16 (இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸின் ஒரு வகை), பி16 என்ற புரதம் பாசிட்டிவ். எம்.எஸ்சி.யில் மனப்பாடமாகப் படித்ததுதான். சித்தி பெயருக்குக் கீழே பார்க்கும்போது கை நடுங்குகிறது.

டிஎன்ஏ பழுதானால் செல் பிரிவதை நிறுத்துவதும், சரிப்படாத செல்லைச் சாகவைப்பதும் பி53 புரதத்தின் வேலை. பல புற்றுநோய்களில் அதன் மரபணுவே பிறழ்ந்திருக்கும். கருப்பைவாயில் அப்படியில்லை, பெரும்பாலும் மரபணு நன்றாகவே இருக்கிறது. வைரஸின் ஈ6 புரதம், செல்லின் சொந்தப் புரதம் ஒன்றையே கூட்டுச் சேர்த்துக்கொண்டு, பி53 உண்டாக உண்டாகச் சிதைத்துவிடுகிறது. ஈ7 இன்னொரு தடுப்புப் புரதமான ஆர்பியை முடக்குகிறது. ஆர்பி போனதால்தான் பி16 இப்படி ஏறிக்கிடக்கிறது. எச்பிவி இல்லாமல் வரும் அபூர்வக் கட்டிகளில்தான் பி53 பிறழ்வு அதிகம்.

1951இல் ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து எடுத்து, இன்றும் ஆய்வகங்களில் வளர்க்கும் ஹீலா செல்களிலும் இதே கதை. அங்கே எச்பிவி 18. ஆய்வகத்தில் ஈ6, ஈ7 இரண்டையும் அடக்கினால் பி53 திரும்ப வருகிறது, செல்கள் பெருகுவதை நிறுத்துகின்றன. இத்தனை வருஷம் கழித்தும்! இந்த இடத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

பிப்ரவரி 9

சித்தி மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். "வம்சமில்லை சித்தி, கிருமி. தாம்பத்தியத்தில் ஒட்டுவது. நிறையப் பேருக்கு வந்து இரண்டு வருஷத்தில் தானாகப் போய்விடும். சிலருக்குத் தங்கிவிடும், பல வருஷம் கழித்து இப்படி ஆகும்."

"அப்ப உங்க சித்தப்பாவா?"

"யாரிடமிருந்து, எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது."

வாழைநாரைத் தண்ணீரில் நனைத்தார். நாலு பூ வைத்து முடிச்சிட்டார். அப்புறம், "பேத்திக்கு ஊசி இருக்காமே?" என்றார். அவளுக்குப் பன்னிரண்டு வயது. 9 முதல் 14 வயதுக்குள் போடுவதுதான் சிறந்தது, 16, 18 இரண்டு வகையையும் தடுக்கும் என்றேன். தன் வலியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிப்ரவரி 13

அக்காவைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்து, சந்தேகப்படும்படி வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்த்தார்கள். இல்லை. வெளியே வந்து படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

சித்திக்குத் திங்கள் முதல் கரண்ட், அதாவது கதிர்வீச்சு. 25 நாள், கூடவே வாரம் ஒரு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து. அதுவரை மாட்டுத்தாவணிக்குப் பூ எடுக்க அக்கா போகிறாள்.